கல்லைக் காத்தது எண்ணெய்

தெற்கே பூவாரில் தொடங்கி விழிஞ்ஞம், வெட்டுகாடு வழியாக வடக்கே அஞ்சுதெங்கு வரை, திருவனந்தபுரம் மாவட்டத்தின் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் குருசடி ஒன்றையும் பார்க்காமல் இரண்டு ஊர்களைக் கடப்பது அரிது. சாலைத் திருப்பத்திலோ படகு ஏறும் துறையிலோ ஒரு குருசு. அதற்கு மேல் சிறு கூரை. முன்னால் மெழுகுவத்தித் தட்டும் உண்டியலும். பெரும்பாலானவை பளிங்கு ஓடு பதித்து, கண்ணாடிக் கதவு போட்டு, மின்விளக்குச் சரம் சுற்றியவை. பழமையைத் தேடி வந்த பயணி இவற்றை ஒரு பார்வையோடு கடந்துவிடுவார். அவர் கேட்டு வந்தது இடைக்காலத்துக் கற்குருசு. அதற்கு இந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும். போகும் வழியில் ஒரு கேள்வியையும் எடுத்துக்கொண்டு போவது நல்லது. தென்திசையில் நாட்டப்பட்ட கற்குருசுகளில் சில ஏன் இன்றும் நிற்கின்றன, சில ஏன் தடம் தெரியாமல் போயின? கல்லின் உறுதியும் சிற்பியின் திறமையும் அரசனின் ஆணையும் இதற்குப் போதுமான விடை ஆகவில்லை. விளக்கேற்ற ஆள் இருந்த குருசு நின்றது, ஆள் இல்லாதது போனது என்பதே இந்த வழி நெடுகக் கிடைக்கும் சான்றுகள் சொல்லும் விடை. அப்படியானால் மரபுச் சின்னம் என்று நாம் காக்க வேண்டியது கல்லை மட்டுமா என்பதையும் திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருவனந்தபுரம் நகரத்துக்குள் இடைக்காலக் குருசைத் தேடுவது வீண் என்பதற்கு வரலாறே காரணம். நகரம் திருவிதாங்கூரின் தலைநகரானது 1795இல்தான். அதற்கு முன் பத்மநாபபுரம்; அதற்கும் முன் தக்கலைக்குப் பக்கத்திலுள்ள திருவிதாங்கோடு. திருவிதாங்கூருக்கு முந்தைய அரசான வேணாட்டின் வணிகமும் அதனோடு வந்த வெளிநாட்டுச் சமயங்களும் ஊன்றியது கொல்லம் துறைமுகத்தில். திருவனந்தபுரம் கடற்கரையில் கிறிஸ்தவம் பரவலானது, பிரான்சிஸ் சவேரியார் 1544இன் இறுதியில் இங்கே வந்தபோது. ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்குமேல் திருமுழுக்குக் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆகவே பழையதைத் தேடுகிறவர் முதலில் தெற்கே களியக்காவிளை தாண்டி, 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டோடு இருக்கும் குமரி மாவட்டத்துக்குள் நுழைய வேண்டும். திருவிதாங்கோட்டில் அரைப்பள்ளி என்று அறியப்படும் கல் தேவாலயம் இருக்கிறது. இயேசுவின் சீடர் தோமையார் கி.பி. 63இல் நிறுவியது என்பது அங்குள்ள நம்பிக்கை. நம்பிக்கையின் ஆண்டைக் கல்லின் ஆண்டாகக் கொள்ள முடியாது. ஆனால் பழைய வேணாட்டுத் தலைநகரின் ஓரத்தில், பெரிய சபைகளிலிருந்து விலகி, ஒரு சிறு கூட்டம் தன் தேவாலயத்தைக் கைவிடாமல் வைத்திருந்தது என்பது கண்முன் நிற்கும் உண்மை. நம் கேள்விக்கு அந்த உண்மைதான் வேண்டும்.

இதே குமரிக் கரையில் ஒரு கற்குருசு நாட்டப்பட்டதற்கு எழுத்துச் சான்றே உண்டு. புளோரன்ஸ் நகரத்துப் பிரான்சிஸ்கத் துறவி ஜொவான்னி மரிஞ்ஞோல்லி, திருத்தந்தையின் தூதராகச் சீனம் சென்று திரும்பும் வழியில் 1348இல் கொல்லம் வந்து, ஓராண்டுக்குமேல் தங்கினார். உலகின் ஒரு கோடி என்று அவர் கருதிய இடத்தில் பளிங்குத் தூண் ஒன்றை நிறுத்தி, அதன் உச்சியில் கற்குருசை வைத்தார். திருத்தந்தையின் சின்னத்தையும் தம் குடிச் சின்னத்தையும் அதில் செதுக்கச் செய்தார். இலத்தீன் எழுத்திலும் இந்த நாட்டு எழுத்திலும் வாசகம் பொறித்தார். பெருங்கூட்டத்தின் முன் எண்ணெய் பூசி அதை அர்ச்சித்தார். உலகம் முடியும்வரை அது நிற்கும் என்பது அவர் எண்ணம். குமரிமுனைப் பக்கம் நின்றிருக்க வேண்டும் என்று கருதப்படும் அந்தத் தூண் இன்று இல்லை. நினைவுச்சின்னம் நிலைப்பதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் நிபந்தனைகள் எல்லாம் அதற்கு இருந்தன: உயர்ந்த கல், பெரிய அதிகாரம், இருமொழிக் கல்வெட்டு, திரளான சாட்சிகள். ஒன்று மட்டும் இல்லை. நாட்டியவர் கப்பலேறிப் போய்விட்டார். மறுநாள் எண்ணெய் ஊற்ற வேண்டியது தன் கடமை என்று நினைத்த குடி அங்கே இல்லை. ஒருமுறை பூசிய எண்ணெய் ஒருமுறையோடு போயிற்று.

எழுத்து கல்லைக் காக்கும் என்ற நம்பிக்கையைக் கொல்லமும் கோட்டயமும் சேர்ந்து அசைக்கின்றன. வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்த செப்பேடுகளைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். திருவிதாங்கூர்த் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த கோபிநாத ராவ், அத்துறையின் வெளியீட்டு வரிசையில் அவற்றைப் பதிப்பித்தார். வட்டெழுத்தில் ஓடும் அந்தச் சாசனத்தின் சாட்சிகள் அரபியிலும் பழைய பாரசீகத்து பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அந்த பஹ்லவியே கோட்டயம் வலிய பள்ளி, கடமற்றம், முட்டுச்சிற ஆகிய ஊர்களின் தேவாலயங்களிலும் சென்னைப் பரங்கிமலையிலும் உள்ள பழைய புடைப்புச் சிற்பக் குருசுகளைச் சுற்றி ஓடுகிறது. பரங்கிமலைக் குருசு 1547இல் போர்ச்சுகீசியர் தேவாலயத்துக்கு அடித்தளம் தோண்டியபோது வெளிப்பட்டது. எழுத்தை வாசிக்க ஆள் இல்லை. கற்றவர் என்று ஒருவரை அழைத்துவந்து கேட்டபோது, தோமையாரின் வாழ்வையும் மரணத்தையும் சொல்லும் நீண்ட கதையை அந்தச் சிறு வரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அது முந்நூறு ஆண்டு உலவியது. பின்னாளில் தஞ்சை சரஸ்வதி மகால் சுவடிகளுக்கு அட்டவணை செய்த ஏ.சி.பர்னல், 1873இல் அது பஹ்லவி என்று எழுதினார். சொற்களின் பாடத்தில் அறிஞர்களிடையே வேறுபாடு இன்னும் உண்டு. குருசைச் செய்வித்தவர்மேல் இரக்கம் கேட்கும் சிறு மன்றாட்டு என்பதே பலரும் ஏற்கும் பொருள். கல் சொன்னது அவ்வளவுதான். அதைப் படிக்கிறவர்கள் அற்றுப்போனதும் கல் ஊமையாகிவிட்டது. ஊமையான கல்லின் வாயில் யார் வேண்டுமானாலும் சொல்லைப் போட முடிந்தது.

எழுத்தே இல்லாத குருசுகளைக் காணக் கோட்டயத்திலிருந்து வடக்கே போகும் சாலை வேண்டும். குறவிலங்காடு, கடுத்துருத்தி, காஞ்ஞூர் என்று, கேரளத்தின் பழைய சிரியன் கிறிஸ்தவர்களான நஸ்ராணிகளின் ஊர்களில் தேவாலயத்தின் முன்னால், சாலையைப் பார்த்து, திறந்த வெளியில் நிற்கின்றன இந்தக் கருங்கல் குருசுகள். இவற்றை உச்சியிலிருந்து பார்க்கத் தொடங்குகிறவருக்கு அதிகம் கிடைக்காது. குருசின் தண்டும் கைகளும் பெரும்பாலும் எளியவை. பார்வை பீடத்திலிருந்து ஏற வேண்டும். கோயில் பலிக்கல்லைப் போல அடுக்கடுக்காக எழும் பீடம். மேலே குருசின் அடியைத் தாங்கும் தாமரை இதழ்கள். இடையில் ஊருக்கு ஊர் மாறும் யானை, மயில், வேட்டை, ஆட்டம். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் ஒரே உளிதான் வேலை செய்திருக்கிறது என்பதைச் சொல்லத் தனிச் சாசனம் வேண்டாம். இந்தப் பீடங்களில் மிக முக்கியமானவை சிற்பங்கள் அல்ல, விளக்கு மாடங்களும் எண்ணெய்க் குழிகளும்தான். விளக்கேற்றுவதற்காகவே செய்த கல் இது. குறவிலங்காட்டில் தவக்காலத்துக்கு முன்வரும் மூன்று நோன்புத் திருவிழாவில் யோனாவின் கதையை நினைவூட்டும் கப்பலைத் தோளில் ஏற்றி, அலையில் ஆடுவதுபோல ஆட்டிக்கொண்டு வருவார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே, நேர்ச்சை எண்ணெயில் மினுங்கியபடி கற்குருசு நிற்கும். அதை யார், எந்த ஆண்டு நாட்டினார் என்று தெரியாதவருக்கும் அதன் முன் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். பரங்கிமலைக் கல்லுக்கு வாசகம் இருந்தது, வாசகர் இல்லை. இந்தக் கல்லுக்கு வாசகம் இல்லை, ஆனால் ஆள் இருக்கிறது.

விளக்கேற்றுவது மட்டுமே வழக்கம் என்று சுருக்கிவிட வேண்டாம். ஊரார் கூடிப் பேசவும் சத்தியம் செய்யவும் திறந்தவெளிக் குருசு பயன்பட்டது. அதன் உச்சம் கொச்சிக்குப் பக்கத்தில் மட்டாஞ்சேரியில் நிகழ்ந்தது. 1599 ஜூனில் உதயம்பேரூரில் கோவா பேராயர் மெனேசஸ் கூட்டிய சங்கம், நஸ்ராணிகளின் வழிபாட்டை இலத்தீன் முறைக்குத் திருத்த முற்பட்டது. அவர்களுடைய சிரியாக் நூல்கள் பல தீயில் போயின. அரை நூற்றாண்டு புகைந்த மனக்கசப்பு 1653 ஜனவரி 3 அன்று வெடித்தது. இயேசு சபைத் தலைமைக்கு இனிப் பணிவதில்லை என்று மக்கள் மட்டாஞ்சேரிக் குருசைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். தொட எட்டாதவர்கள் குருசில் கட்டிய கயிறுகளைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார்கள் என்பது வழிவழி வரும் செய்தி. கூனன் குருசுச் சத்தியம் என்று பெயர் பெற்ற அந்த நாளிலிருந்துதான் கேரளத்து நஸ்ராணிகள் பல சபைகளாகப் பிரிந்த கதை தொடங்குகிறது. வழிவழிச் செய்திப்படி இந்த நிகழ்ச்சி தேவாலயத்துக்குள், பீடத்தின் முன் நடந்தது அல்ல. உள்ளே குருவுக்கு இடம். வெளியே ஊருக்கு இடம். வெளியே நின்ற குருசுதான் ஊரின் முடிவுக்குச் சாட்சியாக முடிந்தது. எனவே ஒரு கற்குருசு நிற்கும் இடத்தை மாற்றுவது, அதன் பொருளில் பாதியை வெட்டி எடுப்பதற்குச் சமம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இந்தத் திறந்தவெளிக் குருசுகளை இடைக்காலத்தவை என்று சொல்வதே சரியா? பலவற்றின் இன்றைய வடிவம் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது; போர்ச்சுகலின் ஊர்ச் சதுக்கங்களில் நிற்கும் கல் குருசுகளின் சாயல்தான் இது; கடுத்துருத்தி வலிய பள்ளியின் குருசையே மெனேசஸ் 1599இல் அர்ச்சித்ததாக ஊர் மரபு சொல்கிறதே என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆண்டு பொறிக்காத கருங்கல்லைச் சாயலை மட்டும் வைத்துப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போவது ஊர்ப்பெருமைக்கு உதவும், வரலாற்றுக்கு உதவாது. ஆனால் மறுப்பு முழுவதையும் ஏற்க முடியாது. கொடுங்கல்லூர்க் குரு யோசேப்பு 1501இல் போர்ச்சுகீசியக் கப்பலில் லிஸ்பனுக்குப் போய், தம் நாட்டுத் தேவாலயங்களில் உருவங்கள் இல்லை, குருசு மட்டுமே உண்டு என்று சொன்னார். அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முந்தையது மரிஞ்ஞோல்லியின் தூண். குருசைக் கல்லில் செதுக்கி வணங்கும் பழக்கமோ, அதை வெளியில் தூண்மேல் நிறுத்தும் பழக்கமோ இந்தக் கரைக்குப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த புதுமை அல்ல. உருவத்தின் சில கூறுகளை அவர்களிடமிருந்து பெற்றிருக்கலாம். பலிக்கல் பீடமும் தாமரையும் எண்ணெய்க் குழியும் லிஸ்பனிலிருந்து வந்தவை அல்ல. என் வாதத்துக்குக் கல்லின் பிறந்த ஆண்டு இரண்டாம் பட்சம். அதைத் தாங்கிய வழக்கம் கல்லைவிடப் பழையது என்பதே முக்கியம்.

வழக்கம் போனால் கல் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் தெளிவான சாட்சி இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வால். அங்கே இடைக்காலத்தில் தேவாலயத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகளிலும் ஊர் எல்லைகளிலும் நாட்டிய கல் குருசுகளை ஆர்தர் லாங்டன் தேடித் தேடி வரைந்து 1896இல் நூலாக்கினார். முந்நூறுக்கும் மேற்பட்டவை அவருக்குக் கிடைத்தன. பல கிடைத்த இடம்தான் வேதனை: வயல் வாசலின் கதவுத் தூணாக, ஓடையைக் கடக்கும் பாலமாக. பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வழிக்குருசின் முன் மண்டியிடுவது மூடநம்பிக்கை என்றாயிற்று. மண்டியிடுவோர் இல்லாத கல்லை உழவர் தம் தேவைக்கு எடுத்துக்கொண்டார். இதற்கு நேர் எதிரான காட்சி லிதுவேனியாவில். ஷவுலியாய் நகரத்துக்குப் பக்கத்தில் மக்கள் குருசுகளை நட்டு நட்டு ஒரு குன்றையே மூடியிருந்தார்கள். சோவியத் அரசு 1961இல் இயந்திரங்களைக் கொண்டு அதைத் தரைமட்டமாக்கியது. மக்கள் மறுபடி நட்டார்கள். மறுபடி அழித்தபோது மறுபடி நட்டார்கள். இன்று குன்று நிறையக் குருசு. அந்த நாட்டின் குருசு செய்யும் கலையை யுனெஸ்கோ மனித குலத்தின் மரபாக 2001இல் அறிவித்தபோது, அது போற்றியது ஒரு தனிக் குருசை அல்ல, செய்யும் கையையும் நடும் வழக்கத்தையும். கார்ன்வாலில் கல் பிழைத்து வழக்கம் செத்தது. லிதுவேனியாவில் மரம் அழிந்தும் வழக்கம் பிழைத்து, குருசைத் திரும்பக் கொண்டுவந்தது.

மண்ணுக்குள் புதைந்து யாரும் விளக்கேற்றாமல் பிழைத்த குருசுகளை என்ன சொல்வது என்று கேட்கலாம். இலங்கையின் அனுராதபுரத்தில் 1912இல் அகழ்வில் கிடைத்த சிறு குருசு, இலைகள் விரியும் அடியிலிருந்து எழுகிறது. ஆறாம் நூற்றாண்டில் அந்தத் தீவில் பாரசீகக் கிறிஸ்தவர் இருந்தார்கள் என்று எழுதிய பயணி கோஸ்மாஸின் குறிப்பு நினைவுக்கு வருகிறது. அந்தக் கூட்டம் மறைந்துபோயிற்று; கல் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. பரங்கிமலைக் கல்லும் மண்ணில் புதைந்ததால்தான் தப்பியது. உண்மைதான். மண் நல்ல காவலாளி. அருங்காட்சியகம் அதைவிட நல்ல காவலாளி. ஆனால் அங்கே பிழைப்பது சான்று. வழியில் நிற்கும் குருசு சான்றாக மட்டும் இருக்கவில்லை. போகிறவரை நிறுத்தியது, கும்பிடச் செய்தது, ஊரைக் கூட்டியது. சுமைதாங்கிக் கல்லை அருங்காட்சியகத்துக்குள் கொண்டுவைத்தால் கல் நிற்கும், சுமையை இறக்கத் தோள் வராது. அதுபோலத்தான் இதுவும். தன் கூட்டத்தை இழந்த குருசுக்கு அருங்காட்சியகமே தகுந்த இடம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. விளக்கெரியும் குருசைப் பாதுகாப்பு என்ற பெயரில் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதே என் வாதம்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு பாதுகாப்பு வல்லுநர்களுடையது. வழக்கமே கல்லைக் காத்தது என்கிறாய். கண்முன் வழக்கம்தானே கல்லைக் கெடுக்கிறது என்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிச் சிற்பம் மங்குகிறது. பங்கில் பணம் சேர்ந்ததும் பழைய பீடத்தைச் சுற்றி மெருகேற்றிய கிரானைட் ஏறுகிறது. குருசுக்கு எனாமல் பூச்சும் பித்தளைத் தகடும் வருகின்றன. கேரளத்தில் பழைய தேவாலயங்கள் பல இடிபட்டு, அதே இடத்தில் கான்கிரீட் கோபுரங்கள் எழுந்ததும் பக்தியின் பெயரால்தான். திருவனந்தபுரம் கடற்கரைக் குருசடிகளின் பளிங்கு ஓட்டுக்குக் கீழே முன்பு என்ன இருந்தது என்று சொல்ல இனி யாராலும் முடியாது. இந்த மறுப்பில் பாதிக்கு மேல் சரி. ஆனால் இரண்டு வேறு காரியங்களை இது ஒன்றாக்குகிறது. எண்ணெய் ஊற்றுவது ஒன்று. மூடிக் கட்டுவது வேறொன்று. நூற்றாண்டுகளாக எண்ணெய் குடித்த கருங்கல் பீடங்கள் இன்றும் தம் யானைகளோடு நிற்கின்றன. வெட்டுக்கல் போன்ற மென்கல்லுக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே விளக்கை எட்ட வைக்கத்தான் வேண்டும். கெடுதி பெருமளவும் செய்வது பூச்சும் தகடும் சிமெண்டும். அவை பழைய வழக்கத்தைச் சேர்ந்தவை அல்ல. அண்மைக் காலத்துப் பணமும் போட்டியும் கொண்டுவந்தவை. எண்ணெயை நிறுத்தினால் சிமெண்ட் வருவது நிற்காது. எண்ணெய் ஊற்றுகிறவரே தன் கல்லின் அருமையை உணர்ந்தால்தான் சிமெண்ட் நிற்கும்.

அடுத்த மறுப்பு இன்னும் ஆழமானது. வழியில் நிற்கும் குருசு எல்லோருக்கும் பொது என்று புகழ்கிறோம். அந்த வழி எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா? கடுத்துருத்தியிலிருந்து சிறிது தூரத்தில்தான் வைக்கம் இருக்கிறது. அங்கே கோயிலைச் சுற்றிய சாலைகளில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்றிருந்ததை எதிர்த்து 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய போராட்டத்தையும், அதில் பெரியார் சிறைசென்றதையும் தமிழர் மறக்கவில்லை. கிறிஸ்தவரும் முஸ்லிமும் நடக்கலாம், இந்துவிலேயே தாழ்த்தப்பட்டவர் நடக்கக் கூடாது என்ற அந்த ஏற்பாட்டில் நஸ்ராணிக்குக் கிடைத்த இடம் உயர்ந்த இடம். தேவாலயங்களுக்குள்ளும் சாதி இருந்தது. இன்றும் முற்றாகப் போய்விடவில்லை. ஆகவே பழைய வழக்கம் என்றாலே நல்ல வழக்கம் என்று நான் வாதிடவில்லை. வழக்கத்தைக் காப்பது என்பது பழைய வேலிகளையும் சேர்த்துக் காப்பது ஆகாது. திறந்தவெளியில், கதவில்லாமல், சாலையைப் பார்த்து நிற்கும்படி செய்த கல்லின் அமைப்பே, அந்தக் காலத்து மனிதர் தந்ததைவிட அதிகமான உரிமையை வழிப்போக்கனுக்கு வாக்களிக்கிறது. அந்த வாக்கை நிறைவேற்றும் பொறுப்பு நம் காலத்துக்கு வந்திருக்கிறது. குருசடிக்குக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டுவது, கண்ணாடிக் கூண்டுக்குள் அடைப்பது, பிற சமயத்தார் விளக்கேற்றும்போது முகம் சுளிப்பது ஆகிய மூன்றும் அந்த வாக்கை மீறுகின்றன. வெட்டுகாட்டுத் தேவாலயத்துக்கு எல்லாச் சமயத்தாரும் வந்துபோகிறார்கள் என்பது திருவனந்தபுரத்துக்காரர் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பளிங்கு ஓட்டைப் பார்த்து அந்தக் கரையை எளிதில் தள்ளிவிட முடியாததற்கு இதுவே காரணம்.

கடைசி மறுப்பை அரசும் நீதிமன்றமும் எழுப்புகின்றன. சாலையோர வழிபாட்டிடங்களை மரபு என்று போற்றினால் நாளை எவரும் புறம்போக்கில் ஒரு குருசையோ சூலத்தையோ பிறையையோ நட்டு உரிமை கொண்டாட மாட்டாரா? இது வெறும் கற்பனை அல்ல. 2017 ஏப்ரலில் மூணாறுக்குப் பக்கத்தில் பாப்பாத்திச்சோலையில் அரசு நிலத்தில் எழுப்பிய பெரிய இரும்புக் குருசை வருவாய்த் துறையினர் அகற்றினார்கள். அதே ஆண்டு திருவனந்தபுரம் மாவட்டத்தின் போனக்காடு மலையில் கான்கிரீட் குருசுகள் உடைபட்டு, வன நிலமா வழிபாட்டு உரிமையா என்ற தகராறு மூண்டது. பொது இடங்களில் அனுமதியின்றிப் புதிய வழிபாட்டிடம் எழுப்பக் கூடாது, இருப்பவற்றை மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஆராய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பர் 29இல் ஆணையிட்டது. அந்த ஆணையின் இரண்டாம் பாதிதான் நமக்கு வேண்டியது. ஒவ்வொன்றாக ஆராய அளவுகோல் வேண்டும். ஒரு குருசு அந்த வழியால் உண்டானதா, வழியைப் பிடிக்க வந்ததா என்று கேட்டால் பெரும்பாலான வழக்குகள் தெளிந்துவிடும். தலைமுறைகளாக விளக்கெரிந்ததற்குச் சான்று உள்ள கல்லும், ஒரே இரவில் முளைத்த இரும்பும் சட்டத்தின் முன் ஒன்றாக நிற்க வேண்டியதில்லை. வழக்கத்தை அளவுகோலாக்குவது ஆக்கிரமிப்புக்குக் கதவைத் திறக்காது. பொய்யான உரிமையைப் பிரித்துக் காட்டும் கருவியும் அதுவே.

இதையெல்லாம் நடைமுறைக்குக் கொண்டுவரப் பெரிய திட்டம் தேவையில்லை. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நூறாண்டு கடந்த சின்னங்களைக் காக்கிறது. கேரளத்துக்கு 1968இல் தனிச் சட்டமும் உண்டு. அவை தனிப்பட்ட நினைவுச்சின்னங்களை நோக்கி எழுதப்பட்டவை. விளக்கெரியும் கல்லை என்ன செய்வது என்பதற்கு அவற்றில் நேரான விடை இல்லை. திருவனந்தபுரத்தில் தலைமையகம் கொண்ட கேரளத் தொல்லியல் துறையும், குமரிப் பகுதிக்குத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் மறைமாவட்டங்களோடு சேர்ந்து ஒரு பதிவேடு தொடங்கலாம். ஒவ்வொரு குருசுக்கும் இடம், அளவு, கல்லின் வகை, பீடச் சிற்பங்கள், படம் ஆகியவற்றோடு, எந்த நாளில் யார் விளக்கேற்றுகிறார்கள் என்பதும் அதில் ஏற வேண்டும். பதிவேட்டில் ஏறிய கல்லுக்குப் பூச்சு, தகடு, ஓடு, சிமெண்ட் வேண்டாம் என்று பங்குப் பேரவையே தீர்மானம் போட வேண்டும். வெளியிலிருந்து வரும் தடையைவிட ஊர் தானே போட்ட தீர்மானம் அதிகம் தாங்கும். சாலை விரிவாக்கத்துக்கு நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், அதே சாலையின் ஓரத்தில், அதே திசை நோக்கி, பீடத்தோடு நகர்த்த வேண்டும். பீடத்தை விட்டுவிட்டுக் குருசை மட்டும் எடுத்துப்போவது மிகப் பெரிய அழிவு, ஏனென்றால் இந்த மண்ணின் வரலாறு செதுக்கியிருப்பது பீடத்தில்தான்.

எழுத்தும் பளிங்கும் அதிகாரமும் ஒருசேரப் பெற்றிருந்த மரிஞ்ஞோல்லியின் தூண் போய்விட்டது. பெயர் தெரியாத கல்தச்சர் செதுக்கிய கருங்கல் நிற்கிறது. இந்த ஒப்பீடு தற்செயல் என்று ஒதுக்க இயலாதபடி கார்ன்வாலும் லிதுவேனியாவும் அதையே சொல்கின்றன. மரபுச் சின்னங்களைப் பற்றிய நம் சட்டமும் பேச்சும் கல்லின் வயதோடு நின்றுவிடுவது போதாது. அதைப் பேணும் கையின் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அடுத்த முறை குறவிலங்காட்டுக்கோ திருவிதாங்கோட்டுக்கோ போகும் வாசகர் கல்லைப் படமெடுப்பதோடு நிறுத்தாமல், அதற்கு எண்ணெய் ஊற்றுகிறவரிடம் சிறிது நேரம் பேசிவிட்டு வரட்டும். எந்த நூலிலும் இல்லாத வரலாறு அவரிடம்தான் இருக்கிறது.